சுதந்திர தினத்துப் பட்டியல்

டிசெம்பர் 2, திங்கள்

கிளினிக் டொக்டர்தான் இந்தக் கொப்பியை எழுதச் சொன்னார். என் பிரஷர் ஏன் ஏறுகிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "ஒவ்வொரு நாளும் என்ன செய்தனீங்கள், என்ன யோசிச்சனீங்கள் எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ" என்றார். யோசித்ததை அவருக்குக் காட்ட எனக்கென்ன விசரா? செய்ததை மட்டும் காட்டுகிறேன்.

செய்தது: காலையில் இரண்டு பெண்களுக்கு ஸ்கூட்டி பழக்கினேன். ஒருத்தி பரவாயில்லை. மற்றவள் பிறேக்கைப் பிடி என்றால் கண்ணை மூடுகிறாள். இடது தோள் குளிருக்கு நோகிறது. அது பழைய நோ, ஸ்கூட்டியால் விழுந்தது.

மத்தியானம் மச்சாள் வந்தார். மச்சாள் இந்திரவதி என் புருசனின் அக்கா. தம்பி கொலை வழக்கில் மறியலுக்குப் போன நாளிலிருந்து அவருக்கு இரண்டே வேலை, ஒன்று வெள்ளிக்கிழமை விரதம், மற்றது தம்பிக்காக மனுப் போடுவது. செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்.

"வதனி, இந்த முறை சரி. சுதந்திர தினத்துக்கு ஜனாதிபதி ஒரு பட்டியல் விடப்போறாராம். ஆயுள் தண்டனைக்காரரும் அதில வருவினமாம். தம்பின்ர பேரைச் சிறைச்சாலையில இருந்து அனுப்பியிருக்கினம்."

முதலில் என் புருசனுக்குத் தூக்கு என்றுதான் தீர்ப்பு. பிறகு ஒரு ஜனாதிபதி அதை ஆயுளாகக் குறைத்தார். அன்றைக்கு மச்சாள் பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் உடைத்த உடைப்பில் ஐயர் ஒதுங்கி நின்றார். இப்போது வேறு ஜனாதிபதி, வேறு பட்டியல்.

எனக்கும் சந்தோசம்தான். சந்தோசத்தில் குசினியை மூன்று தரம் கூட்டினேன்.

டிசெம்பர் 8, ஞாயிறு

சறோஜினி டீச்சருக்கு இன்று முதல் தரம் றோட்டில் ஓட்டம். கணக்குப் பாடம் படிப்பிக்கிறவர், வளைவு வந்தால் மட்டும் கணக்கெல்லாம் பறந்துவிடும். நான் பின்னால் இருந்து, "டீச்சர், ஹோனை அடியுங்கோ, வாயால கத்தாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பெட்டிக்கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். இந்தப் பக்கத்தில் ஸ்கூட்டி ஓடுகிற பெண்களில் பாதிப்பேர் என்னிடம் பழகியவர்கள், அவருடைய மகள் உட்பட.

இறங்கியதும் டீச்சர் கேட்டார், "வதனி, நீங்க பழகேக்க எத்தினை தரம் விழுந்தனீங்கள்?"

"நான் ஒருநாளும் விழேல்லை டீச்சர்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். எனக்குப் பழக்கியவன் அவ்வளவு கெட்டிக்காரன்.

டிசெம்பர் 14, சனி

அவரைப் பார்க்கப் போனோம், மச்சாளும் நானும். பஸ்ஸில் போகவர ஒரு முழு நாள். ஆரணி வரவில்லை. ஏ.எல். சோதினைக்குப் படிக்கிறாளாம். அப்பாவைப் பார்க்கப் போகிற கிழமையில்தான் அவளுக்குப் படிப்பு ஞாபகம் வரும்.

தட்டை வடை கொண்டுபோனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அதை மணந்து பார்த்துச் சிரித்தார். கலியாணம் கட்டிய புதிதில் எனக்குப் பிடித்த சிரிப்பு அது. இன்றைக்கும் பிடித்தது. அதையும் எழுதத்தானே வேணும்.

"ஆரணி எவ்வளவு உயரம்?"

"என்னைவிட உயரம்."

"ஸ்கூட்டி பழக்கிறாய் எண்டு அக்கா சொன்னா."

"ஓம்."

"நான் வந்தாப்பிறகு உது தேவைப்படாது. வித்துப்போடு."

குரலை உயர்த்தவே இல்லை. அவர் எப்போதும் முதலில் மெதுவாகத்தான் சொல்வார். என் மேல் இருக்கிற அக்கறை. திரும்பி வரும்போது மச்சாள் என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டார், நல்லகாலம் வலது தோள். நான் வழியெல்லாம் மைல்கல்லைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டிசெம்பர் 16, திங்கள்

ஸ்கூட்டி இரண்டையும் கழுவி ஒயில் மாற்றினேன். மாற்ற வேண்டிய நாள் வரவில்லைதான்.

டிசெம்பர் 19, வியாழன்

சட்டத்தரணி கோபாலரத்தினம் கூப்பிட்டிருந்தார். மச்சாள் எனக்கு முன்பே போய் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்டார்.

சட்டத்தரணி நல்ல மனிதர், மற்றவர்களின் கஷ்டத்தைக் கதைக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இன்றைக்குப் பலமுறை துடைத்தார். சும்மா கருணை காட்டுங்கோ என்று கேட்டால் ஜனாதிபதி செயலகத்தில் இருக்கிற மனு மலையோடு இதுவும் போய்ச் சேரும், ஒரு காரணம் வேணும் என்றார். காரணத்தை எழுதியும் வைத்திருந்தார். வாசித்தார்.

"மனைவிக்கும் இறந்தவருக்கும் இடையே நிலவிய தகாத உறவை நேரில் கண்ட கணவர், கடுமையான திடீர்க் கோபத்தினால் தூண்டப்பட்டு..."

நான் வேறு யாரோ ஒருத்தியின் வழக்கு என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தி என்னைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

"நீர் இதை ஒரு சத்தியக் கடதாசியில ஒப்புக்கொள்ளோணும். சமாதான நீதவானுக்கு முன்னால ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"ஐயா, அப்பிடி ஒண்டும் நடக்கேல்லையே."

"நடந்ததோ இல்லையோ எண்டு ஜனாதிபதி வந்து விசாரிக்கப்போறதில்லைப் பிள்ளை."

மச்சாள் என் கையைப் பிடித்தார். "ஒரு கையெழுத்து. தம்பி வெளியால வந்திடுவான்."

அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது என் கைப்பையில்தான் இருந்தது. பொங்கலுக்குள் வைத்தால் போதும் என்றார் சட்டத்தரணி.

நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன், டொக்டர் வாசித்தாலும் வாசிக்கட்டும். நிரோசன் பக்கத்து ஒழுங்கை றெஜினா அன்ரியின் மகன். சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தான். என்னை அக்கா என்று கூப்பிடுவான். ஆரணியைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போக எனக்கு ஸ்கூட்டி பழக்கினான். பழக்குகிறவன் பின்னால் இருந்து கையை நீட்டி ஹாண்டிலைப் பிடிக்கத்தான் வேணும், நான் இன்றைக்கும் அப்படித்தான் பழக்குகிறேன். அதை என் புருசன் சந்தியில் நின்று கண்டார். பின்னேரம் கடைக்குப் போய், அங்கே கிடந்த வீல் ஸ்பனரை எடுத்தார். நிரோவுக்கு இருபத்திரண்டு வயது.

டிசெம்பர் 25, புதன்

நத்தார். மழை. றெஜினா அன்ரி வீட்டில் இந்த வருசமும் வெளிச்சக்கூடு இல்லை.

ஜனவரி 3, வெள்ளி

கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அலுமாரியைக் கவிழ்த்து அடுக்கினேன். அவருடைய சேட்டுகள் அடியில் இருந்தன. வெயிலில் போட்டேன், பிறகு யாரும் பார்க்க முதல் எடுத்து உள்ளே வைத்தேன்.

பத்து மணிபோல் கேற்றடியில் றெஜினா அன்ரி. பன்னிரண்டு வருசத்தில் முதல் தரம். ஒழுங்கையிலும் சந்தையிலும் கண்டால் இரண்டு பேரும் றோட்டின் ஓரம் மாறிப் போவோம், அப்படித்தான் பழகிவிட்டோம். உள்ளே வரச்சொன்னேன். வரவில்லை. மாமரத்தடியில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உன்ர மனுசனை விடுறதுக்கு எனக்கு ஆட்சேபணை இருக்கோ எண்டு கேட்டு ஆக்கள் வந்தவை. நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். அவன் உள்ளுக்கை கிடக்கிறதால என்ர பிள்ளை எழும்பி வரப்போறதில்லை. மன்னிக்கிறன் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் சேர்ச்சில வாயால சொல்லுறன். ஒருநாளைக்காவது அது உண்மையா இருக்கட்டும்."

கதிரையைத் தூக்கி வந்து மாமரத்தடியில் வைத்தேன், அன்ரி இருக்கவில்லை. 

"ஆனா உன்ர மச்சாள் சந்தையில வேற கதை கதைக்கிறாவாம். என்ர பிள்ளையைக் கள்ளப் புருசன் எண்டு ஜனாதிபதிக்கு எழுதப் போறியளாம். அவனுக்கு உயிர்தான் போச்சுது, பேராவது கிடக்கட்டும் பிள்ளை. அவனைத் திரும்பச் சாக்கொல்லாதேங்கோ."

அழவில்லை. குடையை விரித்துக்கொண்டு போனார். அப்போது மழையும் இல்லை, வெயிலும் மறைந்திருந்தது.

மத்தியானத்துக்கு வைத்த சோறு கரிந்துவிட்டது. ஆரணி பேசாமல் பாண் வாங்கி வந்தாள்.

ஜனவரி 9, வியாழன்

சட்டத்தரணிக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன். இரண்டு தரமும் மணி அடிக்கும்போதே வைத்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். முற்றத்தில் பால் பொங்கும்போது மச்சாள் வந்து சேர்ந்தார், கையில் புது வேட்டி, பட்டுக் கரை. "தம்பி வந்திறங்கேக்க கட்டுறதுக்கு" என்றார். பிறகு கைப்பையிலிருந்து சத்தியக் கடதாசியை எடுத்துப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இண்டைக்கு நல்ல நாள். கையெழுத்தை வையும்."

"மச்சாள், நான் வைக்கமாட்டன்."

"ஏன்?"

"பொய் எண்டபடியால். செத்தவன்ர பேரும் கெட்டுப்போகும்."

"பேர் என்ன பேர் வதனி? ஊர் பன்னிரண்டு வருசமா அதைத்தானே கதைக்குது. கதைச்சதை எழுதினா என்ன குறையப்போகுது? ஒரு மனுசன் உள்ளுக்கை உக்கிப்போறான். உமக்கு நெஞ்சில ஈரமில்லையோ?"

அவர் அழுதார். மச்சாளின் அழுகையில் பொய் இல்லை. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நானும் அழுதேன், ஆனால் கையெழுத்து வைக்கவில்லை. சட்டத்தரணியிடம் நானே போய் அந்த வரியை வெட்டச் சொல்லப்போகிறேன் என்றேன். "அந்த வரி இல்லாட்டி மனு நிக்காது. நீர்தான் அவனை உள்ளுக்கை வைச்சிருக்கப்போறீர்" என்று சொல்லிவிட்டு, வேட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொங்கல் சாப்பிடவில்லை.

ஆரணி படிக்கட்டில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அது உண்மையோ என்று கேட்பாள் என நினைத்து மறுமொழியை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அம்மா, அப்பா வந்தா நாங்க ரெண்டு பேரும் எங்க போறது?"

"எங்க போறதோ? ஏன் போகோணும்?"

"நீங்க போறதுக்கு எல்லாம் அடுக்கிறியள் எண்டு நினைச்சன்."

அப்பா மறியலுக்குப் போனபோது அவளுக்கு ஐந்து வயது. ஒன்றும் ஞாபகம் இல்லை என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 16, வியாழன்

சட்டத்தரணி வரியை வெட்டினார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. "இனி நம்பிக்கை வைக்காதையும்" என்றார். வெளியே வந்து ஒரு குளிர்பானம் வாங்கி முழுப் போத்தலையும் குடித்தேன். எனக்கு அது வழக்கமில்லை.

ஜனவரி 22, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். பிரஷர் எவ்வளவோ தெரியாது, பார்க்கவும் இல்லை.

சிறைச்சாலை நலன்புரிப் பகுதியிலிருந்து ஒரு மிஸ் வந்தார், எங்கள் ஊர்க் கிராம சேவகர் ஜி.எஸ்ஸும் கூட வந்தார். வெளியே வருகிற ஆளை வீடு ஏற்குமா என்று பார்த்து அறிக்கை எழுத வேணுமாம். மனு நிற்காது என்றால் ஏன் வீடு பார்க்க ஆள் அனுப்புகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மச்சாளுக்கு யார் சொன்னார்களோ, அவரும் பின்னாலேயே வந்துவிட்டார். பொங்கலன்று கோபித்துப் போனவர் நேரே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டார்.

மிஸ் எதைக் கேட்டாலும் மச்சாள்தான் மறுமொழி. வீடு ஆரின்ர பேரில்? "வதனின்ர சீதன வீடு மிஸ், ஆனா தம்பின்ர வீடு மாதிரித்தான்." அவர் வந்தால் தொழில்? "ஊரில ஆயிரம் தொழில்." அவர் முந்திக் குடிக்கிறவரோ? "ஒருநாளும் இல்லை!" அது உண்மைதான். அவர் குடிப்பதில்லை. எல்லாம் தெளிந்த மூளையோடுதான்.

கடைசியில் மிஸ் என்னைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. அவர் வீட்டுக்கு வாறதில உங்களுக்கு ஏதும் பயம் இருக்கா?"

ஜி.எஸ். தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். மச்சாள் என்னையே பார்த்தார். விறாந்தை முழுக்க ஆட்கள். எங்கள் ஊரில் ஒரு பெண்சாதி மற்றவர்களுக்கு முன்னால் சொல்லக்கூடிய மறுமொழி ஒன்றே ஒன்றுதான்.

"இல்லை" என்றேன்.

மிஸ் எழுதினார். வாகனம் போய்விட்டது. மச்சாள் என்னைக் கட்டிப்பிடித்து, "எனக்குத் தெரியும், நீர் நல்லவ" என்றார். அந்த நல்லவ என்ற சொல் முதுகில் ஊர்ந்தது. நான் ஸ்கூட்டித் திறப்பை எடுத்தேன். எங்கே போகிறீர் என்று மச்சாள் கேட்டது காதில் விழுந்தது. ஹெல்மெட் போடவில்லை. பழக்குகிற பிள்ளைகள் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

ரயில் கடவையில் கேற் விழுந்திருந்ததால் பிடித்தேன். வாகனத்தின் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியில் தட்டினேன். மிஸ் பயந்துபோய்க் கண்ணாடியை இறக்கினார்.

"மிஸ், நான் சொன்னது பொய். எனக்குப் பயம்."

ஜி.எஸ். வாயைத் திறந்தார். மிஸ் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"என்ர தோள் ஸ்கூட்டியால விழுந்து உடையேல்லை. கதவில வைச்சு அடிச்சவர். கறிக்கு உப்புக் கூடினதுக்கு. அந்தப் பொடியன் என்னை அக்கா எண்டு கூப்பிட்டவன், எனக்கு ஸ்கூட்டி மட்டும்தான் பழக்கினவன். ரெண்டையும் எழுதுங்கோ மிஸ். அவர் உள்ள இருந்த பன்னிரண்டு வருசம்தான் நான் நிம்மதியா இருந்த காலம். இதையும் எழுதுங்கோ."

ரயில் போன சத்தத்தில் கடைசி வரி கேட்டதோ தெரியாது. திரும்பச் சொன்னேன், கத்திச் சொன்னேன். பின்னால் நின்ற ஓட்டோக்காரனும் கேட்டிருப்பான். ஊர் அறியட்டும். மிஸ் எழுதினார், கண்ணால் கண்டேன். கேற் எழும்பியது, பின்னால் ஹோன் அடித்தார்கள், வாகனம் போனது.

அந்த இடத்திலேயே ஸ்கூட்டியை ஓரம் கட்டி வெகுநேரம் இருந்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பசித்தது.

ஜனவரி 28, செவ்வாய்

மச்சாள் வரவில்லை, போனும் இல்லை. கோயில் பக்கம் கண்டேன், முகத்தைத் திருப்பினார். அவர் பாவம் என்று நினைக்கிறேன். மனுசனும் பாவம் என்று நினைக்கிறேன். இன்றைக்குத் தட்டை வடைக்கு உழுந்து ஊறப்போட்டுவிட்டு, ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியாமல் கோழிக்குக் கொட்டினேன்.

பெப்ரவரி 3, திங்கள்

சட்டத்தரணி போன் எடுத்தார். என் புருசனின் பேர் பட்டியலில் இருக்கிறதாம். நாளைக்கு விடுதலை.

எனக்கு விளங்கவில்லை. வரியை வெட்டினோமே, மிஸ் எழுதினாரே என்றேன்.

"பிள்ளை, உதொண்டையும் ஒருத்தரும் வாசிச்சிருக்கமாட்டினம்" என்றார். "கொழும்பில ஒரு பெரிய ஆள் கொலை வழக்கில உள்ளுக்கை கிடந்தவர். அவரைத் தனிய விட்டாச் சனம் கத்தும். அதால பழைய ஆயுள்காரர் எல்லாரையும் துணைக்குச் சேர்த்துவிட்டிருக்கினம். உம்மட மனுசன் அந்தக் கூட்டத்தோட வாறார்."

அப்போ நான் கையெழுத்து வைத்திருந்தாலும் இதுதான். வைக்காமல் விட்டதற்கும் இதுதான். றெஜினா அன்ரியின் மன்னிப்பு, மச்சாளின் விரதம், ரயில் கடவையில் நான் கத்தியது, ஒன்றும் அங்கே போய்ச் சேரவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அவர் மேல் வந்த கோபமில்லை. பார்க்காமலே மன்னிக்கிற அந்தப் பேனாவின் மேல்.

கடைக்குப் போய் கேற்றுக்கு ஒரு பூட்டு வாங்கினேன். பெரியது.

பெப்ரவரி 4, செவ்வாய்

காலையில் டிவியில் அணிவகுப்பு. ஜனாதிபதி கையசைத்தார். ஆரணி டிவியை நிறுத்தினாள்.

பின்னேரம் ஓட்டோ வந்தது. முதலில் மச்சாள் இறங்கினார், பிறகு அவர், பட்டுக்கரை வேட்டியும் கழுத்தில் மாலையுமாக. தலை நரைத்துவிட்டது. வலைக்குப் பின்னால் பார்க்கும்போது தெரியவில்லை, வெளிச்சத்தில் நன்றாக மெலிந்திருந்தார். ஒழுங்கை முழுக்கச் சனம் கேற்றடிகளில் நின்றது.

நான் எங்கள் கேற்றுக்கு உள்ளே நின்றேன். பூட்டியிருந்தேன்.

"வதனி, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? திறவும்" என்றார் மச்சாள். "ஜனாதிபதியே மன்னிச்சு விட்டிட்டார்."

"ஓம் மச்சாள். அவர் தன்ர கேற்றைத் திறந்திட்டார். இது என்ர கேற்."

மச்சாள் நெஞ்சில் அடித்துக்கொண்டார். மனுசன் முன்னால் வந்து கேற்றுக் கம்பியைப் பிடித்தார். அந்தப் பிடியை எனக்குத் தெரியும். தோள் தானாகப் பின்னால் போனது. ஆனால் கால் போகவில்லை.

"எல்லாரும் பாக்கினம்" என்றார் மெதுவாக. "உள்ள போய்க் கதைப்பம்."

"நாங்கள் உள்ள கனக்கக் கதைச்சிட்டம். இனி எல்லாரும் பாக்கவே கதையுங்கோ."

அவர் பார்வை என் பின்னால் போனது. ஆரணி நின்றாள். "அப்பா" என்றாள், புதுச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறவள்போல. உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கேற்றுக்கு மேலால் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி முழுவதும் குடித்தார். வழிந்து மாலையெல்லாம் நனைந்தது.

"நான் மாறிட்டன் வதனி" என்றார்.

மாறியிருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக இன்னொரு தரம் தோளைக் கொடுக்க என்னால் ஏலாது. மச்சாள் வீட்டில் இடமிருக்கிறது, அங்கே இருங்கோ என்று சொன்னேன். ஓட்டோ திரும்ப நெடுநேரம் எடுத்தது. மச்சாள் என்னைப் பார்த்துச் சொன்னவற்றை இங்கே எழுதவில்லை.

எழுதுகிற இந்த நேரமும் ஓட்டோ சந்தியில்தான் நிற்கிறது. அவர் இறங்கி, நிரோவின் கடை இருந்த இடத்துக்கு முன்னால் தனியே இருக்கிறார், மாலையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு. பார்க்கப் பாவமாக இருக்கிறது. பூட்டின் திறப்பை ஆரணியின் கையில் கொடுத்து, இண்டைக்கு நான் அழுது கேட்டாலும் தராதே என்று சொல்லியிருக்கிறேன்.